டிராவல்ஸ் கவுன்ட்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: பிஎன்ஆர், ஐயாட்டா, ரீஃபண்ட், வேலை விசா

தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர், வியாசர்பாடி என்று வட சென்னை முழுக்க இருந்து எங்கள் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் கேட்பதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். துபாய்க்கு முதல் தடவை வேலைக்குப் போகிற பையன், உம்ராவுக்குக் கிளம்புகிற பெரியம்மா, மலேசியாவில் மகள் வீட்டுக்குப் போகிற அப்பா, எல்லோர் கேள்வியும் கடைசியில் ஒரே இடத்துக்கு வருகிறது: நான் கொடுக்கிற பணம் யார் கைக்குப் போகிறது, ஏதாவது ஆனால் யாரைக் கேட்பது? அது தெரிய வேண்டும் என்றால் இந்தத் தொழிலில் புழங்கும் சொற்களும் அமைப்புகளும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

டிராவல் ஏஜென்ட், டூர் ஆபரேட்டர், கன்சாலிடேட்டர் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. கார் வாடகைக்கு விடுபவரும் டிராவல்ஸ், ஆம்னி பஸ் ஓட்டுபவரும் டிராவல்ஸ், துபாய் டிக்கெட் போடுபவரும் டிராவல்ஸ் என்று பலகை மாட்டியிருப்பதால் வருகிற குழப்பம் இது.

டிராவல் ஏஜென்ட் அடுத்தவருடைய சேவையை விற்பவர். விமான சீட்டு விமான நிறுவனத்துடையது, அறை ஹோட்டலுடையது, நடுவில் நின்று வாங்கித் தருவதுதான் அவர் வேலை. டூர் ஆபரேட்டர் அப்படி இல்லை. டிக்கெட், ஹோட்டல், வேன், சாப்பாடு, கைடு எல்லாவற்றையும் தானே சேர்த்து ஒரு பேக்கேஜாகத் தன் பெயரில் விற்கிறார், அதனால் வேன் வராவிட்டாலும் ரூம் கிடைக்காவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஒரே கடை இரண்டு வேலையும் செய்யலாம், ஆனால் உங்களுக்கு எந்த வேலையைச் செய்கிறது என்பது பில்லில் தெரிய வேண்டும்.

கன்சாலிடேட்டர் என்பவர் மொத்த வியாபாரி. விமான நிறுவனங்களிடம் பெரிய அளவில் ஒப்பந்தம் போட்டு, எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கு டிக்கெட் கொடுப்பவர். அவரிடம் வாங்கி விற்கிற கடைக்காரர் சப் ஏஜென்ட். இது போக டிஎம்சி என்று ஒரு கூட்டம் உண்டு, நீங்கள் போய் இறங்குகிற ஊரில் ஏற்பாடுகளைக் கவனிக்கிற உள்ளூர் நிறுவனம். பாங்காக்கில் இறங்கியதும் உங்கள் பெயர் எழுதிய அட்டையோடு நிற்கிறாரே, அவரை அனுப்புவது அந்த ஊரின் டிஎம்சி. அங்கே போன பிறகு அவசரத்துக்கு உதவப்போவது அவர்கள்தான் என்பதால், கிளம்பும் முன்பே அந்த நம்பரை வாங்கி போனில் பதிந்துகொள்ளுங்கள்.

ஐயாட்டா என்று கடை வாசலில் போட்டிருக்கிறார்களே, அது அரசாங்க லைசென்ஸா?

அரசாங்கம் இல்லை. ஐயாட்டா விமான நிறுவனங்களின் உலகச் சங்கம். 1945 ஏப்ரலில் கியூபாவின் ஹவானாவில் ஆரம்பித்தது, தலைமையகம் கனடாவின் மான்ட்ரியலில் இருக்கிறது. உலக விமானப் போக்குவரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் அதன் உறுப்பு நிறுவனங்கள் ஓட்டுவதுதான். எம்ஏஏ என்றால் சென்னை, டிஎக்ஸ்பி என்றால் துபாய் என்கிற மூன்றெழுத்துக் குறியீடுகளைக் கொடுப்பதும் இவர்கள்தான்.

ஐகாவோ என்று இன்னொன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஐநா சபையின் அமைப்பு, 1944-இல் சிகாகோவில் நாடுகள் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது, அதுவும் மான்ட்ரியலில்தான் இருக்கிறது. அங்கே உறுப்பினர்கள் நாடுகள், ஐயாட்டாவில் உறுப்பினர்கள் கம்பெனிகள். நம் நாட்டுக்குள் விமானங்களையும் பயணிகள் விதிகளையும் கவனிப்பது டிஜிசிஏ.

ஒரு ஏஜென்சிக்கு ஐயாட்டா அங்கீகாரம் வேண்டும் என்றால் கணக்கு வழக்கைக் காட்டி, பேங்க் கியாரண்டி மாதிரி ஏதாவது ஒரு பிணை கொடுக்க வேண்டும். கிடைத்தால் 8 இலக்க எண் ஒன்று வரும். அதன் பிறகு எந்தெந்த விமான நிறுவனத்துக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கட்ட வேண்டியதில்லை, பிஎஸ்பி என்கிற ஒரே கணக்கில் குறிப்பிட்ட தேதியில் மொத்தமாகக் கட்டினால் அவர்கள் பிரித்துக் கொடுப்பார்கள். 1971-இல் ஜப்பானில் ஆரம்பித்த முறை இது. தேதி தவறிப் பணம் கட்டாத ஏஜென்சிக்கு டிக்கெட் போடும் உரிமையே நின்றுவிடும், அதனால் அங்கீகாரம் உள்ள கடை என்றால் பண விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்று நம்பலாம். ஸ்டிக்கரை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், அதை யாரும் அச்சடித்து ஒட்டிவிடலாம். எண்ணைக் கேட்டு வாங்குங்கள், ஐயாட்டா இணையதளத்தில் செக் ஏ கோட் என்கிற பக்கத்தில் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அப்படியானால் ஐயாட்டா இல்லாத கடையில் டிக்கெட் வாங்கக் கூடாதா?

தாராளமாக வாங்கலாம். தெருமுனைக் கடைகளில் பெரும்பாலானவை சப் ஏஜென்ட் கடைகள்தான். கன்சாலிடேட்டரின் போர்ட்டலில் முன்பணம் கட்டி வைத்துக்கொண்டு அதிலிருந்து டிக்கெட் போடுகிறார்கள், அதில் எந்தத் தப்பும் இல்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கேன்சல் செய்தால் விமான நிறுவனம் பணத்தை கன்சாலிடேட்டருக்கு அனுப்பும், அவர் கடைக்காரர் கணக்கில் போடுவார், கடைக்காரர் உங்களுக்குத் தருவார். கை மாற மாற நாள் கூடும். மண்ணடியிலும் பாரிமுனையிலும் தலைமுறையாக நம்பிக்கையோடு தொழில் செய்கிற சப் ஏஜென்ட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் இருக்கிற, கடை எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றுகிற ஆளிடம்தான் போகக் கூடாது.

பிஎன்ஆர் நம்பர் கொடுத்துவிட்டார்கள், டிக்கெட் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுகிற இடம் இது.

பிஎன்ஆர் என்பது பதிவு. யார் போகிறார், எந்தத் தேதி, எந்த விமானம் என்கிற விவரம் ஒரு கோப்பாகக் கணினியில் ஏறியிருக்கிறது, அதற்கான ஆறு எழுத்து அல்லது எண் அடையாளம். ரயிலில் அது 10 இலக்கம். ரயிலில் பணம் கட்டினால்தான் பிஎன்ஆர் வரும், அதனால் விமானத்துக்கும் அப்படித்தான் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். விமானத்தில் பணமே கட்டாமல் பிஎன்ஆர் உருவாக்க முடியும். சீட்டைப் பிடித்து வைத்துவிட்டு, டிக்கெட்டிங் டைம் லிமிட் என்கிற கெடுவுக்குள் பணம் கட்டாவிட்டால் அது தானாக ரத்தாகிவிடும்.

டிக்கெட் என்பது 13 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் காட்டும். ஏர் இந்தியா என்றால் 098, எமிரேட்ஸ் 176, ஸ்ரீலங்கன் 603. காகித டிக்கெட் 2008 ஜூன் 1-ஆம் தேதியோடு ஐயாட்டா முறையில் முடிந்துபோனது, இப்போது அந்த எண்தான் டிக்கெட். உங்கள் கையில் இருக்கும் தாளில் ஐட்டினரரி என்று போட்டு பிஎன்ஆர் மட்டும் இருந்து, 13 இலக்க எண் இல்லை என்றால், டிக்கெட் போட்டாயிற்றா என்று நேரடியாகக் கேளுங்கள். குறைந்த கட்டண விமானங்கள் சிலவற்றில் இந்த எண் வராது, பிஎன்ஆரே எல்லாம். அங்கேயும் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பிஎன்ஆரையும் பெயரையும் போட்டால் கன்ஃபர்ம்டு என்று காட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஏஜென்ட் கொடுக்கிற பிஎன்ஆரை விமான நிறுவனத் தளத்தில் போட்டால் அப்படி ஒன்று இல்லை என்று வரலாம். பதற வேண்டாம், அது ஜிடிஎஸ் பிஎன்ஆராக இருக்கும். விமான நிறுவனத்துக்கென்று தனியாக ஒன்று இருக்கும், ஏர்லைன் பிஎன்ஆர் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஜிடிஎஸ் என்றால் என்ன?

பல விமான நிறுவனங்களின் சீட்டையும் விலையையும் ஒரே திரையில் காட்டுகிற பெரிய கணினி வலை. மூன்று பெயர்கள் தெரிந்தால் போதும்: அமேடியஸ், சேபர், டிராவல்போர்ட். சேபர்தான் மூத்தது, அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து 1960 வாக்கில் உருவாக்கியது. அமேடியஸ் 1987-இல் ஏர் பிரான்ஸ், லுஃப்தான்சா, ஐபீரியா, எஸ்ஏஎஸ் சேர்ந்து ஆரம்பித்தது, தலைமையகம் மாட்ரிட். டிராவல்போர்ட்டின் கீழ் கலீலியோ, வேர்ல்ட்ஸ்பான் என்று பழைய பெயர்கள் இருக்கின்றன, பழைய ஸ்டாஃப் இன்னும் கலீலியோ என்றுதான் சொல்வார்கள்.

ஒரே விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் எப்படி என்னைவிடக் குறைவாகக் கொடுத்திருக்கிறார்?

எகானமி என்று நாம் சொல்வது ஒரே வகுப்பு இல்லை. உள்ளே எழுத்துகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு விலை, ஒரு நிபந்தனை. ஒய் என்றால் முழு விலை எகானமி, தேதி மாற்றுவது சுலபம். கீழே போகப் போக விலை குறையும், நிபந்தனை இறுகும், சில சமயம் பெட்டி எடை அளவும் குறையும். சீட்டு ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான், மாறுவது இந்த எழுத்து. அதனால் இன்னொரு கடையில் 1,500 ரூபாய் குறைவாகச் சொன்னார்கள் என்றால், எந்த வகுப்பு, எத்தனை கிலோ, தேதி மாற்ற எவ்வளவு என்று கேட்ட பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். சவுதியில் இருந்து லீவு எப்போது கிடைக்கும் என்று தெரியாத ஆள் மலிவான டிக்கெட்டை எடுத்துவிட்டுக் கடைசியில் அதைவிட அதிகமாக மாற்றுக் கட்டணம் கட்டுவதை நிறையப் பார்க்கிறோம்.

எங்கள் லாபம் எங்கே என்றும் கேட்கிறீர்கள். ஒரு காலத்தில் விமான நிறுவனங்கள் டிக்கெட் விலையில் 9 சதவீதம் வரை கமிஷன் கொடுத்தன. அது தேய்ந்து தேய்ந்து பெரும்பாலும் இல்லாமலே போய்விட்டது. அதனால்தான் சர்வீஸ் சார்ஜ் வாங்குகிறோம். அதை மறைக்காமல் பில்லில் தனியாகக் காட்டுகிற கடைதான் நல்ல கடை.

நான்-ரீஃபண்டபிள் (பணம் திரும்ப வராத) டிக்கெட், கேன்சல் செய்தால் ஒரு ரூபாய்கூட வராது என்கிறார்களே?

அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிஜிசிஏ விதிப்படி, எவ்வளவு மலிவான சலுகை டிக்கெட்டாக இருந்தாலும், பயணமே செய்யாமல் நோ ஷோ ஆகியிருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். கேன்சலேஷன் சார்ஜ் என்று எடுப்பதும் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. 5,000 ரூபாய் டிக்கெட்டில் அடிப்படையும் எரிபொருளும் 3,800, மீதி 1,200 வரியும் விமான நிலையக் கட்டணமும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 1,200 உங்கள் பணம். கேட்டால்தான் வரும் என்பது வேறு விஷயம், கேளுங்கள்.

ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட் என்றாலும், ஏஜென்ட் விமான நிறுவனத்தின் பிரதிநிதி என்பதால் ரீஃபண்டுக்கான பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு என்று அதே விதி சொல்கிறது. ஏஜென்ட்டின் சர்வீஸ் சார்ஜும் இணையதளங்களின் கன்வீனியன்ஸ் ஃபீயும் பொதுவாகத் திரும்ப வராது.

பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை, ஒற்றைப் பெயர்தான். டிக்கெட்டில் எப்படிப் போடுவது?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கென்றே வருகிற பிரச்சினை இது. நமக்கு அப்பா பெயர் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு சர்நேம் இடம் காலி, இன்னொருவருக்கு அப்பா பெயர் சர்நேமில், மூன்றாமவருக்கு இரண்டும் சேர்த்துக் கிவன் நேமில். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் எப்படி இருந்தாலும் சரி, வெளிநாட்டு டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயராக இருந்தால் அதை சர்நேம் இடத்தில் போட்டு, முதல் பெயர் இடத்தை அந்தந்த விமான நிறுவனம் சொல்கிற முறையில் நிரப்புவார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், ஏஜென்ட்டைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

அமீரகம் இதில் கறாராக இருக்கிறது. 2022 நவம்பரில், சர்நேம் இல்லாத ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்பதாகத் தெளிவுபடுத்தினார்கள். குழந்தைக்குப் புதிதாக பாஸ்போர்ட் எடுப்பவர்களிடம் நான் கெஞ்சிச் சொல்வது ஒன்றுதான்: அப்பா பெயரையாவது சர்நேமில் போட்டுவிடுங்கள், பிற்காலத்தில் எந்த கவுன்ட்டரிலும் நிற்க வேண்டி வராது.

குழந்தைக்கு டிக்கெட் உண்டா?

2 வயது முடியாத குழந்தை இன்ஃபன்ட், மடியில்தான் இடம், ஆனாலும் பெயர் போட்டு டிக்கெட் எடுக்க வேண்டும். 2 முதல் 11 வயது வரை சைல்ட். போகும்போது ஒன்றே முக்கால், திரும்பும்போது இரண்டு முடிந்திருக்கும் என்றால் திரும்பி வருவதற்குத் தனி சீட்டு வேண்டும். பிறந்த தேதியை மாற்றிச் சொல்லிப் பயனில்லை, பாஸ்போர்ட்டில் இருக்கிறது.

டிரான்சிட், ஸ்டாப்ஓவர், கனெக்டிங் என்ன வித்தியாசம்?

நடுவில் இறங்கி அடுத்த விமானம் மாறுவது கனெக்டிங். சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் என்றால் டிரான்சிட், அதற்கு மேல் தங்கினால் ஸ்டாப்ஓவர், விலையும் விசாவும் அதற்குத் தக்கபடி மாறும்.

இதைவிட முக்கியமானது ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா என்பது. சென்னை, கொழும்பு, ரியாத் மூன்றும் ஒரே டிக்கெட்டில் இருந்து, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் சென்னையில் போட்டால் ரியாத்தில் எடுத்துக்கொள்ளலாம். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால் இரண்டாவது கம்பெனிக்கு முதல் விமானம் தாமதமானது பற்றி எந்தக் கவலையும் இல்லை, உங்களை நோ ஷோ என்று எழுதிவிடுவார்கள். திரும்பி வரும்போது மும்பையில் இறங்கி சென்னைக்கு மாறுவதாக இருந்தால் பொதுவாக மும்பையிலேயே பெட்டியை எடுத்துக் கஸ்டம்ஸ் தாண்டி மறுபடி போட வேண்டும், அதற்கும் நேரம் விட்டு டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

வேலைக்கு அனுப்புகிறேன், டிக்கெட் விசா எல்லாம் என் செலவு என்கிறார் ஒரு டிராவல்ஸ்காரர். நம்பலாமா?

டிக்கெட் விற்கும் கடைக்கு ஆள் அனுப்பும் உரிமை கிடையாது. ஐயாட்டா இருந்தாலும் கிடையாது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க வேண்டும் என்றால் 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின் கீழ் வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு செய்த ரெக்ரூட்டிங் ஏஜென்ட்டாக இருக்க வேண்டும். அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது, பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அதில் பாருங்கள். பதிவு பெற்றவரும் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால், அதுவும் ரசீது இல்லாமல் கேட்டால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் இசிஆர் வகையில், அதாவது வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவைப்படும் வகையில் இருக்கும். சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடியேற்ற அனுமதி வேண்டும். அதைக் கொடுப்பது பிஓஇ என்கிற குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம், சென்னையிலும் இருக்கிறது. அதோடு 10 லட்ச ரூபாய் காப்பீடு ஒன்றும் எடுக்க வேண்டும், பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று பெயர். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375. அங்கே ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு ஆதரவாக இருப்பது அந்தக் காகிதம்.

இதெல்லாம் அலைச்சல், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிற ஆள்தான் ஆபத்து. விசிட் விசாவில் வேலை செய்வது அந்த நாட்டில் குற்றம், சம்பளம் தராவிட்டால்கூடப் போய் நிற்க இடம் இருக்காது. 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவடியில் அடைத்து வைத்து ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்தார்களே, அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கி, அரசு தலையிட்டுத்தான் மீட்டு வந்தார்கள். காசிமேட்டிலும் எண்ணூரிலும் வீட்டு நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிற அம்மாக்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. தயவுசெய்து முதலில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் அயலகத் தமிழர் நலத்துறையிலும் விசாரியுங்கள். விசாரிப்பதற்குக் காசு இல்லை.

விசா கட்டாயம் வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் சொல்ல முடியுமா?

முடியாது. விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகம். விஎஃப்எஸ் மாதிரி மையங்கள் விண்ணப்பத்தையும் கைரேகையையும் வாங்கி அனுப்புகின்றன, முடிவு அவர்கள் கையில் இல்லை. சிங்கப்பூர் மாதிரி சில நாடுகள் அங்கீகாரம் பெற்ற விசா ஏஜென்ட்கள் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன, அவர்களும் சமர்ப்பிக்கத்தான் முடியும். நாங்கள் செய்வது காகிதங்களைச் சரியாக அடுக்குவது, தப்பு இருந்தால் சொல்வது. விசா வந்ததும் அது சிங்கிள் என்ட்ரியா மல்டிபிளா, எத்தனை நாள் தங்கலாம், பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஆறு மாத ஆயுள் இருக்கிறதா என்பதை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

விசாவுக்காக டம்மி டிக்கெட் கேட்கிறார்கள். கெடுவோடு பிடித்து வைத்த உண்மையான புக்கிங்கைக் காட்டுவது ஒன்று, பிடிஎஃப்பில் எண்ணை மாற்றி அச்சடிப்பது வேறு. இரண்டாவதைச் செய்து மாட்டினால் விசா மறுப்போடு போகாது, பொய் ஆவணம் என்ற பெயரும் சேர்ந்து நிற்கும்.

உம்ரா, காசி, மலேசியா என்று பேக்கேஜ் எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்?

சாப்பாட்டுக் குறியீடு முதலில். இபி என்றால் ரூம் மட்டும், சிபி காலை டிபனோடு, எம்ஏபி டிபனோடு இன்னொரு வேளை, ஏபி மூன்று வேளையும். விலை இரண்டு பேர் ஒரு ரூமில் தங்கும் கணக்கா, நான்கு பேரா என்பது அடுத்தது. உம்ராவில் பெரும்பாலும் நான்கு ஐந்து பேர் ஒரு ரூம், அதனால்தான் விலை அவ்வளவு வித்தியாசப்படுகிறது. ஹோட்டல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், ஹரமுக்குப் பக்கம் என்று வாயால் சொல்வது போதாது, எத்தனை மீட்டர், நடையா பஸ்ஸா என்று கேளுங்கள். முட்டிவலி உள்ளவர்களுக்கு இதுதான் பயணமே.

ஹஜ் வேறு கதை. அரசு வழியில் ஹஜ் கமிட்டி, தனியார் வழியில் சிறுபான்மையினர் நல அமைச்சகம் அனுமதித்து இடம் ஒதுக்கிய ஹஜ் குரூப் ஆர்கனைசர்கள் மட்டும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவரிடம் ஹஜ்ஜுக்குப் பணம் கட்டாதீர்கள்.

வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் ஜிஎஸ்டி போக டிசிஎஸ் என்று ஒரு தொகையும் பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்படும் வருமான வரி, ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம். பான் கேட்பது அதற்காகத்தான்.

டாய், டாஃபி, ஐயாட்டோ என்றெல்லாம் போடுகிறார்களே?

இவை தொழில் செய்பவர்களின் சங்கங்கள். டாய் என்பது 1951-இல் ஆரம்பித்த இந்திய டிராவல் ஏஜென்ட்கள் சங்கம். டாஃபி 1986-இல் வந்தது. ஐயாட்டோ 1982-இல் தொடங்கிய டூர் ஆபரேட்டர்கள் சங்கம், வெளிநாட்டவரை இந்தியாவுக்கு அழைத்து வருபவர்கள் அதில் அதிகம். ஐயாட்டாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒலிதான் பக்கம் பக்கம். உலக அளவில் ஐநாவின் சுற்றுலா அமைப்பு மாட்ரிட்டில் இருக்கிறது, செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாள் என்பது அவர்கள் அறிவித்ததுதான். உறுப்பினராக இருப்பது நல்ல அடையாளம், ஆனால் உங்கள் பணத்துக்கு அந்தச் சங்கம் ஜாமீன் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரமும் விரும்பினால் வாங்கிக்கொள்வதுதான், கட்டாயம் இல்லை.

ரயில் டிக்கெட் தட்கலில் எடுத்துத் தருவீர்களா?

முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்களுக்குப் பூட்டு. ஏசிக்கு காலை 10 மணி, ஏசி இல்லாததற்கு 11 மணி, அதிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் நாங்கள் உள்ளே போக முடியும், 2025 ஜூலையில் இருந்து இந்த விதி. ஆதார் இணைத்த உங்கள் சொந்தக் கணக்கில் நீங்களே போடுவதுதான் நல்லது. சொந்த ஐடியில் எடுத்து லாபத்துக்கு விற்பவர்களிடம் வாங்காதீர்கள், ரயில்வே சட்டம் 143-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, அந்த டிக்கெட்டும் ரத்தாகும்.

விமான கம்பெனியோ டூர் கம்பெனியோ மூடிவிட்டால் பணம்?

கஷ்டம்தான். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றபோது பயணிகள் பணமும் ஏஜென்ட்கள் பணமும் சேர்ந்தே மாட்டியது. 1841-இல் தொடங்கிய தாமஸ் குக் பிரிட்டனில் 2019 செப்டம்பரில் மூடியபோது, வெளிநாட்டில் இருந்த பயணிகளை அந்த நாட்டு அரசு அழைத்து வந்தது, அங்கே ஏட்டால் என்கிற பாதுகாப்பு நிதி முறையும் இருக்கிறது. இங்குள்ள தாமஸ் குக் வேறு நிறுவனம், அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் நாட்டில் அப்படியொரு நிதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை, பெரிய தொகையை கிரெடிட் கார்டில் கட்டுங்கள், சேவை கிடைக்காவிட்டால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது.

புகார் எங்கே கொடுப்பது?

விமான நிறுவனம் மேல் என்றால் முதலில் அவர்களுக்கு எழுதுங்கள், பிறகு ஏர்சேவா என்கிற மத்திய அரசின் புகார் தளம். ஏஜென்ட் மேல் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915, அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையம், வட சென்னைக்குத் தனியாகவே இருக்கிறது. எல்லா இடத்திலும் முதலில் கேட்பது பில். ஜிஎஸ்டி எண்ணோடு பில், பணம் அனுப்பிய ஆதாரம், வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

வெளிநாடு என்றால் விமான நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும், கவுன்ட்டர் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள், பிறகு வந்தால் நோ ஷோ. பகல் விமானத்துக்கு விம்கோ நகரில் ஏறினால் மெட்ரோ மாறாமலே ஏர்போர்ட்டில் இறக்கிவிடும், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை ஆட்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மெட்ரோ காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரைதான், வளைகுடா விமானங்கள் நிறைய விடியற்காலையில் கிளம்புகின்றன. அந்த நேரத்துக்கு டாக்சி பிடிப்பவர்கள் எண்ணூர் சாலையிலும் மணலி பக்கமும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு இன்னும் முக்கால் மணி நேரம் முன்பே வண்டியை வரச் சொல்லுங்கள்.